டாப்ளரில் சிவப்பு இல்லையென்றால் முடக்குவாதம் இல்லையா?

குடியாத்தத்தான்: இருபது ஆண்டுகள் பீடி சுற்றிய என் தாயாரின் மணிக்கட்டு முடக்குவாதத்தால் வீங்கியிருக்கிறது. சென்ற வாரம் எடுத்த அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில், இரத்த ஓட்டத்தைச் சிவப்பாகக் காட்டும் பவர் டாப்ளரில் ஒரு சிவப்புப் புள்ளிகூட இல்லை. கருவி பொய் சொல்லாது. முடக்குவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரையை நிறுத்தப் போகிறோம்.

பாலாற்றங்கரை: இதைப் படித்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை. 16 ஆண்டுகளாக ஸ்கேன் அறையில் நிற்பவன் சொல்கிறேன்: தோலில் வைக்கும் கருவியின் தலையான புரோபைச் சற்று அழுத்திவிட்டாலே மூட்டுச் சவ்வின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் நசுங்கி, இருக்கிற சிவப்பும் மறைந்துவிடும். ஜெல்லைத் தாராளமாக வைத்து, தோலின்மேல் புரோப் மிதப்பதுபோல் பிடிக்க வேண்டும். உங்கள் தாயாருக்கு அழுத்தித்தான் எடுத்திருப்பார்கள்.

குடியாத்தத்தான்: நான் பக்கத்திலேயே நின்றேன், அழுத்தவில்லை. நீங்கள் காட்பாடியில் உட்கார்ந்துகொண்டு எப்படிச் சொல்கிறீர்கள்?

சத்துவாச்சாரி வாசகன்: இருவரும் வீணாகச் சண்டையிடுகிறீர்கள். பிடிக்கும் கையைப் பொறுத்து மாறும் சோதனையை நம்பவே கூடாது. 2016இல் வெளியான நார்வே நாட்டு ஆர்க்டிக் ஆய்வில், ஸ்கேன் பார்த்து மருந்தை மாற்றியவர்களுக்குக் கூடுதல் பயன் கிடைக்கவில்லை.

பாலாற்றங்கரை: யூரிக் அமில விவாதத்திலும் நீங்கள் இப்படித்தான் பாதியைப் படித்துவிட்டு வந்தீர்கள், அதை நான் மறக்கவில்லை. ஸ்கேனைப் பார்த்து மருந்தைக் கூட்டிக்கொண்டே போனால் கூடுதல் நன்மை உண்டா என்பதே அந்த ஆய்வின் கேள்வி. ஸ்கேனுக்கு நோய் தெரியாது என்று அது சொல்லவில்லை. தொடக்க நிலை எலும்பு அரிப்பை எக்ஸ்ரேயைவிட ஸ்கேன் நன்றாகவே காட்டும், ஒழுங்காகப் பிடித்தால்.

சத்துவாச்சாரி வாசகன்: யூரிக் அமிலத்தில் நான் சொன்னதே சரி. இன்றும் அதையே சொல்வேன்.

வாலாஜா மருமகள்: மாத்திரை வேலை செய்வதால்கூடச் சிவப்பு அடங்கியிருக்கலாம் அல்லவா? அதை நிறுத்தினால் திரும்பி வராதா? வீக்கம் இருக்கிறதென்றால், சவ்வு தடித்திருப்பதாகக் கறுப்பு வெள்ளைப் படத்தின் அறிக்கையில் எழுதியிருக்கிறதா? மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள், அண்ணா.

பாலாற்றங்கரை: அம்மா, அது பிறகு. முதலில் அழுத்தம். குடியாத்தத்தாரே, படத்தின் உச்சியைப் பாருங்கள். புரோபுக்கும் தோலின் வெள்ளைக் கோட்டுக்கும் நடுவே ஜெல் ஒரு கரிய பட்டையாகத் தெரிய வேண்டும்.

குடியாத்தத்தான்: தெரிகிறது. மெல்லியதாக இருக்கிறது.

பாலாற்றங்கரை: மெல்லியதாக இருக்கிறதென்றால் அழுத்தியிருக்கிறார்கள் என்று பொருள்.

குடியாத்தத்தான்: மெல்லியதாக இருக்கிறதென்றால் ஜெல் இருக்கிறது என்று பொருள். அழுத்தியிருந்தால் பட்டையே இருந்திருக்காது.

பாலாற்றங்கரை: எத்தனை மணிக்கட்டுகளை ஸ்கேன் செய்துவிட்டு இதைச் சொல்கிறீர்கள்? நான் ஆயிரக்கணக்கில் செய்திருக்கிறேன். தாயாரின் விரல்கள் மேசைமேல் தளர்ந்து கிடந்தனவா, விறைத்திருந்தனவா? அதையாவது சொல்லுங்கள்.

குடியாத்தத்தான்: தளர்ந்துதான் இருந்தன. அழுத்தவும் இல்லை.

பாலாற்றங்கரை: படத்தை இங்கே போடுங்கள். அழுத்தியிருக்கிறார்கள்.