கோதுமையை நிறுத்தி ஐந்து மாதம் ஆயிற்று, வயிறு இன்னும் அடங்கவில்லை. எங்கே தப்பு செய்கிறேன்?

அரைத்தூக்கம்:

எல்லோருக்கும் வணக்கம். எண்டோஸ்கோப்பி, பயாப்சி எல்லாம் எடுத்து செலியாக் நோய்தான் என்று உறுதியாகி ஐந்து மாதம் ஆகிறது. கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் குடலைக் கெடுக்கும் நோய் இது. அன்றிலிருந்து கோதுமை, பார்லி, ரை எதையும் வாயில் வைக்கவில்லை, சத்தியமாக. முதல் மாதத்திலேயே வயிற்றுப்போக்கு நின்றுவிட்டது, எடையும் கொஞ்சம் ஏறியது. ஆனால் வாரத்தில் ஒன்றிரண்டு நாள் திடீரென்று பழைய கதை திரும்பிவிடுகிறது. வயிறு உப்பிக்கொள்கிறது, மறுநாள் எழுந்திருக்கவே முடியாத அசதி, தலைக்குள் பஞ்சு அடைத்த மாதிரி இருக்கிறது, யாராவது ஒன்று கேட்டால் பதில் வரவே நேரமாகிறது. போன வாரம் ரத்தத்தில் டிடிஜி, அதாவது இந்த நோயைக் காட்டும் எதிர்ப்பொருளின் அளவு, பார்த்தார்கள். முதலில் வரம்பைப் போல் பத்து மடங்குக்கு மேல் இருந்தது, இப்போது நான்கு மடங்கு. "இறங்குகிறது, நல்லது, இன்னும் கவனமாக இருங்கள்" என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார். இதற்கு மேல் என்ன கவனம்?

வீட்டில் கணவரும் எட்டு வயதுப் பையனும் வழக்கம்போல் பிரெட், பாஸ்தா, பிஸ்கட் எல்லாம் சாப்பிடுகிறார்கள். நான் எனக்குத் தனியாகச் செய்துகொள்கிறேன். காலையில் ஓட்ஸ், மதியம் சோறு, காய், முட்டை, ராத்திரி சோறோ அல்லது குளூட்டன் இல்லாத பிரெட்டோ. சில நாள் சோற்றை சோயா சாஸ் ஊற்றி வதக்கிக்கொள்வேன். இதில் கோதுமை எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்.

இன்னொன்று, கேட்க வெட்கமாக இருக்கிறது. வேலை செய்யும் இடத்தில் யாருக்காவது பிறந்தநாள் என்றால் "ஒரு துண்டு கேக்தானே, ஒன்றும் ஆகாது" என்று தட்டை நீட்டுகிறார்கள். சொந்தக்காரர்கள் "எங்கள் காலத்தில் இப்படி ஒரு நோயே கிடையாது" என்கிறார்கள். விளக்கிச் சொல்லி அலுத்துவிட்டது. நீங்களெல்லாம் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

நிலாமுற்றம்:

எனக்கு ஒன்பது வருடமாக இருக்கிறது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பயப்படாதீர்கள். பத்து மடங்கில் தொடங்கினால் ஐந்து மாதத்தில் டிடிஜி பெரும்பாலும் சரியாகாது. எனக்கு ஒன்றரை வருடம் ஆனது. குடல் உள்சுவர் ஆறுவதற்குப் பெரியவர்களுக்கு அதைவிடவும் நாளாகலாம். எண் இறங்கிக்கொண்டே இருக்கிறதா என்று பாருங்கள், அது போதும். ஆனால் வாரத்தில் இரண்டு நாள் படுக்கிறீர்கள் என்றால் எதுவோ உள்ளே போகிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நீங்கள் எழுதியதிலேயே இரண்டு பேர் மாட்டிக்கொண்டார்கள். ஒன்று சோயா சாஸ். பெரும்பாலான சோயா சாஸ் சோயாவும் கோதுமையும் சேர்த்துப் புளிக்கவைத்ததுதான். பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். கோதுமை சேர்க்காததும் கிடைக்கிறது. இரண்டாவது ஓட்ஸ். ஓட்ஸ் தன்னளவில் கோதுமை இனம் இல்லை, ஆனால் வயலிலும் லாரியிலும் ஆலையிலும் கோதுமை, பார்லியோடு கலந்தேதான் வருகிறது. குளூட்டன் இல்லை என்று அச்சிட்டது மட்டும்தான் நமக்கு. அதிலும் சிலருக்கு ஓட்ஸில் இருக்கும் அவெனின் என்ற புரதமே ஒத்துக்கொள்வதில்லை. ஒரு மூன்று மாதம் ஓட்ஸை முழுசாக நிறுத்திவிட்டு, உடம்பு சமநிலைக்கு வந்ததும் நல்ல ஓட்ஸாக வாங்கித் திரும்பத் தொடங்கிப் பாருங்கள், தெரிந்துவிடும்.

அப்புறம் சமையலறை. நான் முதல் ஏழெட்டு மாதம் உங்களைப் போலத்தான் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் காலையில் ஜன்னல் வெளிச்சத்தில் வெண்ணெய் டப்பாவைத் திறந்தேன். மஞ்சள் வெண்ணெயில் எள்ளு அளவுக்குப் பழுப்பாக நாலைந்து புள்ளி, கத்தி இழுத்துக்கொண்டு போன தடத்தோடு. பிரெட் தூள். வீட்டில் எல்லோரும் அதே கத்தியால் பிரெட்டில் தடவிவிட்டு மறுபடி டப்பாவுக்குள் விடுவார்கள், அதே டப்பாவில்தான் நான் என் விலை உயர்ந்த பிரெட்டுக்கு வெண்ணெய் எடுத்துக்கொண்டிருந்தேன்! ஜாம், தேன் எல்லாம் இதே கதைதான். கத்தி உள்ளே போகிற டப்பா எல்லாவற்றுக்கும் உங்களுக்கென்று தனி வைத்துக்கொள்ளுங்கள். மரக் கரண்டி, விரிசல் விழுந்த காய் நறுக்கும் பலகை, பாஸ்தா வடிகட்டி, டோஸ்டர் ஆகியவையும் தனியாக இருக்கட்டும். கோதுமை பிரெட் தூள் பூசி எதையாவது பொரித்த எண்ணெயில் உங்களுக்கு ஒன்றும் பொரிக்க வேண்டாம். கொதித்தால் குளூட்டன் செத்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். அது கிருமி இல்லை, சாவதற்கு.

கடையில் "கோதுமை இல்லை" என்று எழுதியிருந்தால் குளூட்டன் இல்லை என்று அர்த்தம் ஆகாது. பார்லி மால்ட், அதாவது முளைகட்டிய பார்லி, இருக்கலாம். மால்ட் என்ற சொல்லைக் கண்டாலே கீழே வைத்துவிடுங்கள். மால்டோடெக்ஸ்ட்ரின் வேறு, பெயரைப் பார்த்துப் பதற வேண்டாம். பக்வீட் என்பதும் அப்படித்தான், பெயரில்தான் வீட், அது கோதுமையே இல்லை.

கணக்குப்பிள்ளை:

நிலாமுற்றம் சொன்னதில் முக்கால்வாசியை ஒப்புக்கொள்கிறேன். டோஸ்டரில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். குளூட்டன் இல்லாத உணவு என்றால் பெரும்பாலான நாடுகளில் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்குள், அதாவது 20 பிபிஎம்முக்குள் இருக்க வேண்டும். ஒரு நாளைக்கு 10 மில்லிகிராம் வரை நம்மில் பெரும்பாலோருக்குக் குடலைக் கெடுக்காது என்பது பொதுவாகச் சொல்லும் அளவு. 20 பிபிஎம் முழுதாக இருக்கும் உணவை அரைக் கிலோ தின்றால்தான் அந்த 10 வரும். கோதுமை பிரெட் ஒரு துண்டில் ஏறக்குறைய 2 கிராம் குளூட்டன். அதை இருநூறாகக் கிழித்தால் ஒரு பங்கு 10 மில்லிகிராம். அதனால் வெண்ணெயில் கிடக்கும் தூளுக்குப் பயப்படுவதில் அர்த்தம் இருக்கிறது, தினமும் சேர்ந்தால் போதும்.

டோஸ்டர் விஷயம் வேறு. 2020ல் வெளிவந்த ஒரு சிறிய ஆய்வில் இதைச் செய்தே பார்த்திருக்கிறார்கள். கோதுமை பிரெட் சுட்ட டோஸ்டரிலேயே குளூட்டன் இல்லாத பிரெட்டைச் சுட்டார்கள், 20 பிபிஎம்மைத் தாண்டவில்லை. ஆனால் கோதுமை பாஸ்தா வெந்த அதே தண்ணீரில் மற்றதை வேகவைத்தபோது பல மாதிரிகள் எகிறிவிட்டன. பாத்திரத்தைக் கழுவிவிட்டுப் புதுத் தண்ணீர் வைத்தால் ஒன்றும் இல்லை. எனவே பாத்திரம் எல்லாம் இரண்டு செட் வாங்கிக் கடனாக வேண்டாம். சோப்பு போட்டுத் தேய்த்த எவர்சில்வர் பாத்திரம் யாருக்கும் பொது. பயத்திலேயே வாழ்ந்தால் அதுவும் ஒரு வியாதி. எனக்கு இரண்டு வருடம் அப்படிப் போனது. வெளியில் ஒரு வாய் காப்பிகூடக் குடிக்க மாட்டேன்.

நிலாமுற்றம்:

ஆய்வில் டோஸ்டரை யாரோ பார்த்துப் பார்த்துச் சுட்டிருப்பார்கள். என் வீட்டு டோஸ்டரைத் தலைகீழாகக் கவிழ்த்தால் ஒரு கைப்பிடி தேறும். தனி டோஸ்டர் எனக்கு நிம்மதி, அவ்வளவுதான். பாத்திர விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி.

சும்மா_வந்தேன்:

நடுவில் புகுந்து கேட்பதற்கு மன்னிக்கவும். எனக்கும் இதே உப்புசம், அசதி. பரிசோதனை எதுவும் செய்யவில்லை, நானாகவே இரண்டு மாதமாக கோதுமையை விட்டுவிட்டேன், நன்றாக இருக்கிறது. இனிமேல் போய் டெஸ்ட் எடுக்க வேண்டுமா?

கணக்குப்பிள்ளை:

முன்பே எடுத்திருக்க வேண்டும். குளூட்டன் சாப்பிடாமல் இருக்கும்போது எடுத்தால் ரத்தப் பரிசோதனையும் பயாப்சியும் ஒன்றுமில்லை என்று ஏமாற்றிவிடலாம். திரும்பவும் சில வாரம் தினமும் சாப்பிட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டியிருக்கும். எத்தனை நாள், எவ்வளவு என்று டாக்டர் சொல்லட்டும். அதற்கு மனம் இல்லையென்றால் எச்எல்ஏ மரபணுப் பரிசோதனை இருக்கிறது, அதற்குச் சாப்பாடு எதுவானாலும் சரி. டிக்யூ2, டிக்யூ8 என்ற மரபணு வகைகள் இரண்டும் இல்லையென்றால் செலியாக் ஏறக்குறைய இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். இருந்தால் மட்டும் நோய் என்று ஆகிவிடாது, அந்த மரபணு நிறையப் பேருக்கு உண்டு.

பாத்திரம்_கழுவுபவன்:

செலியாக் எனக்கு இல்லை, என் மனைவிக்கு. ஆறு வருடம். இதை நீங்கள் படிப்பதைவிட உங்கள் கணவர் படித்தால் நல்லது.

சார், நானும் "இத்தனூண்டு தூள் என்ன செய்துவிடும்" என்று சொன்னவன்தான். அவள் எதுவும் பேசாமல் ஒரு நோட்டில் எந்தெந்த நாள் படுத்தாள் என்று எழுதிக்கொண்டு வந்தாள். பார்த்தால் ஞாயிறு முடிந்த திங்கள், செவ்வாய். ஞாயிற்றுக்கிழமை நான்தான் கோதுமை மாவு பிசைந்து பீட்சா செய்வேன், மேடை முழுக்க மாவு பறக்கும். அதற்கப்புறம் அந்த நோட்டை எதிர்த்துப் பேச எனக்கு வாய் இல்லை. இப்போது வீட்டில் கோதுமை மாவு கிடையாது. நானும் பிள்ளைகளும் சுட்டு வைத்த பிரெட் வாங்கிச் சாப்பிடுகிறோம், மேசையின் ஒரு மூலையில் மட்டும். துடைக்கிற துணியும் தனி.

அக்கா, "எங்கள் காலத்தில் இல்லை" என்கிறவர்களுக்கு ஒன்று சொல்லுங்கள். வில்லெம் டிக்கே என்ற டச்சு குழந்தை மருத்துவர் கோதுமைதான் காரணம் என்று 1950லேயே ஆய்வேடு எழுதிவிட்டார். நோய் அதற்கு முன்பும் இருந்தது, என்ன தின்றதால் என்று தெரியாமல் பிள்ளைகள் மெலிந்து செத்தார்கள். கேக் நீட்டுகிறவர்களிடம் விளக்கம் சொல்லவே சொல்லாதீர்கள். "எனக்கு ஆகாது" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுங்கள். என் மனைவி பையில் எப்போதும் ஒரு சாக்லேட் வைத்திருப்பாள், மற்றவர்கள் கேக் தின்னும்போது பிரித்துக்கொள்வாள். கையில் ஏதாவது இருந்தால் யாரும் கேட்பதில்லை.

முக்கியமானது: பையனுக்குப் பார்த்தாயிற்றா? பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கும் டிடிஜி பார்க்கச் சொல்கிறார்கள், அறிகுறியே இல்லாவிட்டாலும். அவன் இப்போது கோதுமை சாப்பிடுகிறான் அல்லவா, பார்க்க இதுதான் நேரம். எங்கள் மூத்தவளுக்கு அப்படித்தான் தெரிந்தது.

நிலாமுற்றம்:

இதைச் சொல்ல மறந்தேன். இரும்பு, ஃபோலேட், பி12, டி வைட்டமின் பார்த்தார்களா? அசதிக்கு அதுவும் காரணமாக இருக்கலாம், எல்லாவற்றுக்கும் வெண்ணெய் டப்பாவையே குறை சொல்ல முடியாது. பாக்கெட்டில் வரும் குளூட்டன் இல்லாத பிரெட்டிலும் பிஸ்கட்டிலும் நார்ச்சத்து குறைவு. பருப்பு, சிறுதானியம், காய் பக்கம் போங்கள்.

அரைத்தூக்கம்:

இப்போதுதான் அடுக்களையிலிருந்து வருகிறேன். சோயா சாஸ் பாட்டிலைத் திருப்பினேன்: தண்ணீர், சோயா, கோதுமை. ஐந்து மாதமாக வாரத்துக்கு இரண்டு முறை நானே ஊற்றிக்கொண்டிருக்கிறேன். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

கணவர் பாத்திரம் கழுவுபவர் எழுதியதைப் படித்தார். ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய் வெண்ணெய் டப்பாவைத் திறந்து டியூப் லைட்டுக்குக் கீழே பிடித்துப் பார்த்துக்கொண்டு நின்றார். பையனுக்கு வியாழக்கிழமை ரத்தம் எடுக்கப் போகிறோம். ஊசி என்றதும் அவன், "அம்மா, எனக்கும் இருந்தால் எனக்குத் தனி ஜாம் பாட்டிலா?" என்று கேட்டான். ஆமாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.