தோழி நினைவாகப் புற்றுநோய் நிதி: அச்சு முறுக்கு விற்றுத் திரட்டலாமா?

பகாவ் பெண்:
எல்லாருக்கும் வணக்கம். மலேசியாவில், நெகிரி செம்பிலான் பகாவ் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். தமிழ்ப்பள்ளியில் ஒன்றாம் ஆண்டு முதல் என் பக்கத்தில் உட்கார்ந்து படித்த தோழி மார்பகப் புற்றுநோயில் போய்விட்டாள். தீபாவளி முடிந்த கையோடு முதல் வருடத் திதி. அவள் பெயரில் பணம் திரட்டிக் கொடுக்க ஆசைப்படுகிறேன்.

அவள் சுடும் அச்சு முறுக்குக்குத் தாமான் குடியிருப்பில் அப்படி ஒரு பெயர். அச்சை எண்ணெயில் நன்றாகக் காயவைத்து, மாவில் முக்கால்வாசிதான் முக்குவாள். முழுக்க முக்கினால் முறுக்கு அச்சை விட்டுக் கழலாது. ஆபரேஷனுக்குப் பிறகு வலது கை வீங்கிவிட்டது. தோள் வரை இறுக்கமான உறையை மாட்டிக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்தபடியே "இப்போ எடு, இப்போ எடு" என்று எங்களை வேலை வாங்கினாள். அதே முறுக்கைப் போத்தலில் போட்டு விற்கலாம் என்று நினைக்கிறேன்.

ஒன்றுதான் குழப்பம். பணத்தைப் பெரிய சங்கத்துக்குக் கொடுப்பதா, இங்குள்ள நோயாளிகளுக்கா? அவளுக்கு அரசாங்க மருத்துவமனையில் கட்டணம் பெரிதாக இல்லை. போக்குவரத்துதான் ஆளை உருக்கியது. கதிர் சிகிச்சைக்குத் திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் புத்ராஜெயா போக வேண்டும். கருவிக்கு அடியில் படுத்திருப்பது சில நிமிடம். பயணமும் காத்திருப்பும் ஒரு முழு நாள். செம்பனைக் குலை அறுக்கும் கணவருக்கு அன்றைய சம்பளமும் போய்விடும். இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

சிரம்பான் அண்ணன்:
நல்ல காரியம் தங்கச்சி, அவசியம் செய்யுங்கள். முதலில் எந்தச் சங்கத்துக்குக் கொடுக்கப் போகிறீர்களோ அவர்களுக்கு எழுதி, பெயரைப் பயன்படுத்த அனுமதிக் கடிதம் வாங்குங்கள். தேசியப் புற்றுநோய் சங்கம் 1966இலிருந்து இருக்கிறது. மக்னா என்ற தேசியப் புற்றுநோய் மன்றம் 1994இல் வந்தது, வசதி குறைந்த நோயாளிகளுக்குப் பண உதவியும் செய்கிறது. வரி விலக்கு கேட்கிறவர்களுக்கு வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவில் அங்கீகாரம் பெற்ற அமைப்பின் ரசீதுதான் செல்லும், நீங்கள் எழுதித் தரும் துண்டுச் சீட்டு செல்லாது.

அப்புறம், பாசார் மாலாம் இரவுச் சந்தையில் உண்டியல் குலுக்குவது, வீடு வீடாகப் போய்க் கேட்பது எதுவும் போலீஸ் அனுமதி இல்லாமல் வேண்டாம். 1947ஆம் ஆண்டுச் சட்டமே அதற்கு இருக்கிறது. தெரிந்தவர்களிடம் முன்கூட்டியே ஆர்டர் எடுங்கள். பணத்தை இரண்டு பேர் சேர்ந்து எண்ணி, கணக்கை வாட்சாப் குழுவில் போட்டுவிடுங்கள். நம் ஊரில் வாய் நீளம்.

சுங்கை சிப்புட் அக்கா:
தங்கச்சி, எனக்கும் அதே நோய் வந்து, சிகிச்சை முடித்துவிட்டேன். உங்கள் ஆதங்கம் நூற்றுக்கு நூறு நியாயம். பஸ் காசு இல்லாமல் பாதியில் சிகிச்சையை விட்டவர்களை வார்டில் பார்த்திருக்கிறேன். மருத்துவமனையில் சமூகப் பணிப் பிரிவு என்று ஒன்று உண்டு. யாருக்கு உண்மையிலேயே முடியவில்லை என்பது அவர்களுக்குத் தெரியும், அங்கே கேளுங்கள்.

ஒரு வேண்டுகோள். நோட்டீசில் உங்கள் தோழியின் முடி கொட்டிய படத்தைப் போடாதீர்கள். கணவரைக் கேட்டு, நன்றாக இருந்தபோது எடுத்ததைப் போடுங்கள். போத்தலில் ஒரு வரியும் ஒட்டலாம்: 40 வயது ஆன தொழிலாளர்களுக்கு சொக்சோவில் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) இலவசப் பரிசோதனைத் திட்டம் இருக்கிறது, பெண்களுக்கு மேமோகிராமும் சேர்த்து. தோட்டத்தில் பல பேர் மாதா மாதம் சொக்சோ பிடித்தம் கட்டுகிறார்கள், இது மட்டும் தெரியாது.

பகாவ் பெண்:
அண்ணா, அக்கா, ரொம்ப நன்றி. நேற்று அவள் கணவரிடம் பேசினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "போக வர செலவுக்கே கொடும்மா, அவளும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்" என்றார். கோயில் திருவிழாவில் பச்சைப் புடவையில் எடுத்த படத்தையும் கொடுத்தார். அதனால் சமூகப் பணிப் பிரிவிடம் முதலில் கேட்கிறேன், அவர்கள் காட்டும் வழியில் போக்குவரத்துக்கே கொடுக்கலாம். சொக்சோ பரிசோதனை பற்றிய வாசகம் கட்டாயம் போத்தலில் இருக்கும்.

அந்தப் பிரிவுக்கான கடிதம் மலாயில் இருக்க வேண்டும். எழுதிவிட்டேன், யாராவது திருத்தித் தர முடியுமா?

சிரம்பான் அண்ணன்:
தனிச்செய்தியில் அனுப்புங்கள், இன்றிரவே பார்த்துத் தருகிறேன். எனக்கு ஆறு போத்தல் எழுதிக்கொள்ளுங்கள்.