ஜெனரல் பெஞ்சமின் டேவிஸ் ஜூனியர்: பதக்கங்களில் எது எதற்கு? நான்காவது நட்சத்திரம் எப்போது வந்தது?

நீலவான்:

அமெரிக்க விமானப்படை ஜெனரல் பெஞ்சமின் ஓ. டேவிஸ் ஜூனியரைப் பற்றிக் கொஞ்ச நாளாகத் தேடித் தேடிப் படித்து வருகிறேன். இரண்டாம் உலகப் போரில் டஸ்கீகி விமானிகள் என்று அழைக்கப்பட்ட கறுப்பினப் படைப்பிரிவுகளை நடத்தியவர், 1954இல் அமெரிக்க விமானப்படையின் முதல் கறுப்பின ஜெனரல் ஆனவர் என்ற அளவுக்குத் தெரியும். அவர் பதக்கப் பட்டியலைப் பார்க்கும்போதுதான் குழப்பம் வருகிறது. டிஸ்டிங்குவிஷ்டு சர்வீஸ் மெடல் விமானப்படையிலிருந்து ஒன்று, தரைப்படையிலிருந்து ஒன்று, அப்புறம் சில்வர் ஸ்டார், டிஸ்டிங்குவிஷ்டு ஃப்ளையிங் கிராஸ், இரண்டு ஓக் இலைகளோடு லீஜியன் ஆஃப் மெரிட், நான்கு ஓக் இலைகளோடு ஏர் மெடல் என்று போகிறது. இதில் எது சண்டையில் உயிரைப் பணயம் வைத்ததற்கு, எது பெரிய பொறுப்பை வகித்ததற்கு என்று எப்படிப் பிரிப்பது? அந்த ஓக் இலை என்ன கணக்கு?

இன்னொன்று, 1970இல் ஓய்வு பெற்றபோது அவர் லெப்டினன்ட் ஜெனரல், அதாவது மூன்று நட்சத்திரம். ஆனால் நான்கு நட்சத்திர ஜெனரல் என்றும் எழுதுகிறார்களே, எது சரி? அவருடைய விமானங்கள் பாதுகாப்புக்குப் போனபோது ஒரு குண்டுவீச்சு விமானத்தைக்கூட எதிரியிடம் இழக்கவில்லை என்ற செய்தியும் நிறைய இடங்களில் இருக்கிறது, அதை நம்பலாமா? என் மகள் பள்ளியில் இவரைப் பற்றிப் பேசப் போகிறாள். தப்பாக எதையும் சொல்லிக்கொடுத்துவிடக் கூடாது என்பதால் கேட்கிறேன்.

இறகு:

முதலில் ஓக் இலையை முடித்துவிடலாம். ஒரே பதக்கத்துக்கு ஒருவர் மறுபடியும் தேர்வானால் இன்னொரு பதக்கத்தைக் கூடவே தொங்கவிட மாட்டார்கள், அதே ரிப்பனின் மேல் வெண்கலத்தில் சின்னதாக ஓர் ஓக் இலைக் கொத்தைக் குத்திக்கொள்வார்கள். எனவே நான்கு இலையோடு ஏர் மெடல் என்றால் ஐந்து முறை கிடைத்திருக்கிறது, லீஜியன் ஆஃப் மெரிட் மூன்று முறை. ஐந்து வெண்கல இலை சேரும் அளவுக்கு வந்துவிட்டால் அவற்றை எடுத்துவிட்டு ஒரே ஒரு வெள்ளி இலை.

அடுத்து பிரிப்பது. சில்வர் ஸ்டார் எதிரியோடு மோதும்போது காட்டிய வீரத்துக்கு மட்டும்தான், அலுவலக வேலைக்கு அது கிடைக்கவே கிடைக்காது. டேவிஸுக்கு அது ஆஸ்திரியாவுக்குள் போய்த் தாழப் பறந்து தரை இலக்குகளைச் சுட்ட தாக்குதலுக்காக வந்தது. மேலே பறப்பதைவிட ஆபத்தான வேலை அது, ஏனென்றால் கீழே இருக்கும் எல்லாத் துப்பாக்கிக்கும் எட்டும் உயரத்தில் போக வேண்டும். டிஸ்டிங்குவிஷ்டு ஃப்ளையிங் கிராஸ் பறக்கும்போது செய்த வீரத்துக்கோ அசாதாரணச் சாதனைக்கோ தருவது, 1926இல் உருவானது. எதிரி எதிரே இருந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அதற்கு இல்லை என்றாலும் டேவிஸுடையது சண்டையில் வந்ததுதான்: 1944 ஜூன் 9, மியூனிக்குக்குப் போன குண்டுவீச்சு விமானங்களுக்குப் பாதுகாப்பாக பி-47 போர் விமானங்களை நடத்திச் சென்ற நாள். ஏர் மெடல் அதற்கு அடுத்த படி. போரில் அவர் பறந்த சுமார் 60 போர்ப்பயணங்களோடு அதைச் சேர்த்துப் பாருங்கள்.

டிஸ்டிங்குவிஷ்டு சர்வீஸ் மெடல் வரிசையில் சில்வர் ஸ்டாருக்கும் மேலே இருக்கிறது, ஆனால் அது மிகப் பெரிய பொறுப்பை மிகச் சிறப்பாக நடத்தியதற்காக. அதனால்தான் பெரும்பாலும் ஜெனரல்களின் மார்பில் மட்டும் அதைப் பார்க்கிறோம். லீஜியன் ஆஃப் மெரிட்டும் சேவைக்கானது. மேல் வரிசையில் இருப்பதெல்லாம் பெரிய வீரத்துக்கு என்று நினைத்துவிட வேண்டாம். டேவிஸை விமானியாகப் பார்க்க விரும்பினால் சில்வர் ஸ்டாரையும் ஃப்ளையிங் கிராஸையும் பாருங்கள்.

கொரியப் போரில் எஃப்-86 ஜெட் போர் விமானம் ஓட்டிச் சண்டையிட்டார் என்று சிலர் எழுதுவதையும் திருத்திவிடுகிறேன். போர் நிறுத்தம் 1953 ஜூலை 27. அவர் 51ஆவது போர் விமானப் பிரிவின் பொறுப்பை ஏற்றது அந்த ஆண்டு நவம்பரில். எஃப்-86 படையை நடத்தினார் என்பது சரி, சண்டை அதற்கு முன்பே நின்றுவிட்டது.

சுடர்:

இறகு சொன்னது எல்லாம் சரி. ஆனால் அந்தச் சிறுமி பேசப் போகிறாள் என்றால் பதக்கத்தில் ஆரம்பிக்க வேண்டாம், 1932இல் ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.

அந்த ஆண்டு டேவிஸ் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் சேர்ந்தார். சேர்ந்த கொஞ்ச நாளிலேயே மற்ற மாணவர்கள் கூடிப் பேசி அவரைத் தள்ளிவைத்துவிட்டார்கள். கடமை நிமித்தம் தவிர யாரும் அவரோடு ஒரு வார்த்தை பேசக் கூடாது. அறையில் உடன் தங்க யாரும் இல்லை, சாப்பாட்டு மேசையில் பேச்சு இல்லை. ஒரு வாரம், ஒரு மாதம் இல்லை, நான்கு வருஷம்! இருபது வயதுப் பையன் அதைத் தாங்கிக்கொண்டு 1936இல் 276 பேரில் 35ஆவதாக வெளியே வந்தான். தானாகவே விலகிப் போய்விடுவான் என்றுதான் எதிர்பார்த்தார்கள். அவர் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

அப்போதும் பறக்க விடவில்லை. படிக்கும்போதே விமானப் பிரிவுக்கு விண்ணப்பித்தார். கறுப்பினத்தவருக்கென்று விமானப் படைப்பிரிவே இல்லை, ஆகவே இடமும் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். காலாட்படைக்குப் போனார். ஃபோர்ட் பென்னிங் ராணுவ முகாமில் அதிகாரிகளின் மன்றத்துக்குள் நுழையக்கூட அவருக்கு அனுமதி கிடையாது, அவரும் ஓர் அதிகாரியாக இருந்தும்! 1941இல் அலபாமாவின் டஸ்கீகியில் கறுப்பின விமானிகளுக்குப் பயிற்சி தொடங்கியபோது முதல் வகுப்பில் 13 பேர், அதில் 1942 மார்ச்சில் விமானிச் சின்னம் வாங்கியவர்கள் ஐந்தே பேர், அவர்களில் ஒருவர் கேப்டன் டேவிஸ்.

எனக்கு அவர் வாழ்க்கையிலேயே முக்கியமாகப் படுவது 1943இன் கடைசி மாதங்கள். அவருடைய 99ஆவது ஸ்குவாட்ரன் வட ஆப்பிரிக்காவிலும் சிசிலியிலும் பறந்த பிறகு, அது இணைக்கப்பட்டிருந்த பெரிய பிரிவின் தலைவர், இவர்களிடம் சண்டைத் துடிப்பு போதாது என்று மேலே எழுதிவிட்டார். அந்த அறிக்கை மேல்மட்டம் வரை ஏற்றுக்கொள்ளப்பட்டிருந்தால் கறுப்பின விமானிகளின் கதை அங்கேயே முடிந்திருக்கும். அக்டோபரில் டேவிஸ் வாஷிங்டனில் போர்த்துறைக் குழுவின் முன் உட்கார்ந்து, அனுபவமுள்ள ஒரு விமானிகூட உடன் இல்லாமல் முழுக்கப் புது ஆட்களாகவே களத்துக்கு அனுப்பப்பட்டதையும், மற்றப் பிரிவுகளைவிடக் குறைந்த ஆட்களை வைத்துக்கொண்டு பறந்ததையும் எடுத்துச் சொன்னார். பிரிவு தப்பியது. 1944 ஜனவரி கடைசியில் இத்தாலியின் அன்சியோவுக்கு மேலே அதே 99ஆவது ஸ்குவாட்ரன் இரண்டே நாளில் பன்னிரண்டு ஜெர்மானிய விமானங்களை வீழ்த்தியது. அன்றைக்கு அந்தக் குழுவின் முன்னால் அவர் பேசியதற்கு எந்தப் பதக்கமும் கிடையாது, ஆனால் நான் கொடுக்கும் இடத்தில் இருந்திருந்தால் முதலில் அதற்குத்தான் கொடுத்திருப்பேன்.

ஃப்ளையிங் கிராஸ் பற்றி ஒரு விஷயம், இதை உங்கள் மகளிடம் கட்டாயம் சொல்லுங்கள். 1944 செப்டம்பர் 10, இத்தாலியின் ராமிதெல்லி விமானத்தளத்தில் நடந்த நிகழ்ச்சியில் அதை அவருக்குக் குத்தியவர் பிரிகேடியர் ஜெனரல் பெஞ்சமின் டேவிஸ் சீனியர், அவருடைய அப்பா. அமெரிக்கத் தரைப்படையின் முதல் கறுப்பின ஜெனரலும் அவர்தான்.

பழம்பதிவு:

குண்டுவீச்சு விமானம் இழக்கவே இல்லை என்பது தவறு. நானும் பல வருஷம் அதை நம்பி மற்றவர்களிடம் சொல்லியிருக்கிறேன், அதனால் அழுத்திச் சொல்கிறேன். விமானப்படையின் வரலாற்று ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த டேனியல் ஹால்மன் ஒவ்வொரு பயண அறிக்கையையும், காணாமல் போன விமானங்களின் அறிக்கைகளையும் ஒப்பிட்டுப் பார்த்ததில், டேவிஸ் நடத்திய 332ஆவது போர் விமானப் பிரிவின் பாதுகாப்பில் இருந்தபோது எதிரி விமானங்களிடம் 27 குண்டுவீச்சு விமானங்கள் போயிருக்கின்றன. ஆனால் அதே பதினைந்தாவது விமானப்படையில் இருந்த மற்றப் பாதுகாப்புப் பிரிவுகளின் சராசரி 46. உண்மையான எண்ணே இவ்வளவு நன்றாக இருக்கும்போது பொய்யான பூஜ்யம் எதற்கு? 27, 46 என்று இரண்டையும் சேர்த்தே சொல்லச் சொல்லுங்கள், யாரும் குறுக்கே கேள்வி கேட்டாலும் நிற்கும்.

நட்சத்திர விஷயத்தில் இரண்டுமே சரி. ஓய்வு பெற்றது 1970 பிப்ரவரி 1இல், மூன்று நட்சத்திரத்தோடு. 1998 டிசம்பர் 9ஆம் தேதி, 85 வயதில், அதிபர் கிளின்டன் நான்காவது நட்சத்திரத்தை அணிவித்து ஓய்வுபெற்றோர் பட்டியலில் அவரை ஜெனரலாக உயர்த்தினார். அதனால் முதல் கறுப்பின நான்கு நட்சத்திர ஜெனரல் டேவிஸ் என்று மட்டும் எழுதிவிட வேண்டாம். அது டேனியல் 'சாப்பி' ஜேம்ஸ், 1975இல். அவரும் டஸ்கீகியில் பயிற்சி பெற்றவர்தான்.

நீலவான்:

மூவருக்கும் நன்றி, குறிப்பாக அந்த 27க்கு. பூஜ்யம் என்றுதான் எழுதி வைத்திருந்தேன், அடித்துவிட்டேன். ஒன்றே ஒன்று மட்டும் மனதில் நெருடுகிறது. பணியில் இருந்தபோதே ஏன் நான்காவது நட்சத்திரம் கொடுக்கவில்லை?

இறகு:

அமெரிக்காவில் மூன்றும் நான்கும் பதவியோடு ஒட்டி வரும் நட்சத்திரங்கள். அந்தத் தகுதியுள்ள ஒரு நாற்காலிக்கு அதிபர் பெயரை முன்மொழிந்து செனட் ஒப்புக்கொள்ள வேண்டும். டேவிஸ் கொரியாவில் ஐ.நா. படைத் தலைமையகத்தின் தலைமைப் பணி அதிகாரி, பிலிப்பீன்ஸின் கிளார்க் தளத்தில் பதின்மூன்றாவது விமானப்படையின் தளபதி, கடைசியாக ஸ்ட்ரைக் கமாண்ட் என்ற அமெரிக்கக் கூட்டுப் படைத் தலைமையகத்தின் துணைத் தலைமைத் தளபதி என்று இருந்தார். எல்லாம் மூன்று நட்சத்திர இடங்கள். நான்கு நட்சத்திர நாற்காலி அவருக்குக் கடைசிவரை வரவே இல்லை.

சுடர்:

இறகு சொன்னது விதிமுறை. என் கருத்தைக் கேட்டால், 1960களின் அமெரிக்காவில் அந்த நாற்காலி ஒரு கறுப்பினத்தவருக்கு எளிதில் வந்திருக்காது. 1948இல் அதிபர் ட்ரூமன் படைகளில் இனப் பிரிவினையை நீக்கும் ஆணையில் கையெழுத்திட்டபோது, அதை விமானப்படையில் நடைமுறைப்படுத்தும் திட்டத்தை வகுத்தவர்களில் டேவிஸும் ஒருவர். 1949 ஜூலையில் அவர் கட்டி வளர்த்த 332ஆவது பிரிவு கலைக்கப்பட்டு அதன் ஆட்கள் மற்றப் பிரிவுகளுக்குப் பிரித்து அனுப்பப்பட்டார்கள், அது நடக்க வேண்டும் என்று விரும்பியவரும் அவர்தான்.

நீலவான், வெஸ்ட் பாயின்ட் பற்றி மகள் பேசினால் இதையும் சேர்த்துக்கொள்ளட்டும்: நான்கு வருஷம் யாரும் அவரோடு பேசாத அதே கல்லூரியில் இன்றைக்கு மாணவர்கள் தங்கும் விடுதி ஒன்றுக்கு டேவிஸ் பேரக்ஸ் என்று பெயர்.