மாதவிலக்கு நின்று நாலு வருஷம் கழித்து இரத்தம் படுகிறது, அம்மா சூடு என்கிறார்

கோபிப்பொண்ணு:
அம்மாவுக்கு 54 வயது, கோபி பக்கம் தோட்டத்தில் இருக்கிறார். போன மாதம் ஊருக்குப் போனபோது விடியற்காலை நாலரைக்கு, யாரும் எழுவதற்கு முன்னால், தொட்டியடியில் தன் துணியை மட்டும் தனியாக அலசிக்கொண்டிருந்தார், பாவாடையில் பழுப்பாகக் கறை. கேட்டால், மஞ்சள் வேகவைக்கிற இடத்திலேயே நின்றது சூடு பிடித்துக்கொண்டது, வெந்தயம் ஊறவைத்துக் குடிக்கிறேன், சரியாகிவிடும் கண்ணு என்கிறார். துருவிக் கேட்டால் ஆறு மாதமாக விட்டு விட்டுப் படுகிறதாம், வெள்ளைப்படுதலும் நாற்றத்தோடு இருக்கிறதாம். வலி இல்லை. வயிற்று ஸ்கேனில் கர்ப்பப்பை நார்மல் என்று வந்திருக்கிறது. இனி ஆஸ்பத்திரிக்கே வரமாட்டேன் என்று அடம். விட்டுவிடலாமா?

ஒட்டன்சத்திரம் நர்ஸ்:
விடாதீங்க. மாதவிலக்கு நின்று ஒரு வருஷம் தாண்டினபிறகு ஒரு சொட்டு பட்டாலும் காரணம் பார்த்தே ஆகணும். சவ்வு மெலிந்து போனாலும் படும், சதை வளர்ந்திருந்தாலும் படும், கர்ப்பப்பைப் புற்றுநோயிலும் படும், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயிலும் படும். வயிற்றின் மேல் வைத்து எடுக்கிற ஸ்கேனில் வாய்ப்பகுதியின் ஆரம்பப் புண் தெரியாமல் போகலாம். கருவி வைத்துக் கண்ணால் பார்க்கணும், சந்தேகமான இடத்தில் துளி சதை எடுத்து பயாப்சிக்கு அனுப்பணும். வலி இல்லை என்பதில் ஆறுதல் அடையாதீங்க, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் வலி கடைசியில்தான் வரும்.

எங்கள் பக்கம் அம்பிளிக்கையில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் பற்றி நடந்த ஆய்வு 2007இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு ஒரே ஒரு தடவை கர்ப்பப்பை வாயில் அசிட்டிக் அமிலம் தடவிப் பார்த்து, வெளுத்துத் தெரிந்தவர்களுக்கு வைத்தியம் செய்ததிலேயே இந்த நோயால் வரும் சாவு 35 சதவீதம் குறைந்தது. ஆனால் அது தொந்தரவு எதுவும் இல்லாதவர்களுக்கான சோதனை. அம்மா வயதில் நோய் தொடங்குகிற இடம் உள்ளே ஏறிவிடும், அதனால் அதோடு நிறுத்தக்கூடாது.

பெருந்துறைக்காரி:
என் பெரியம்மாவும் இப்படித்தான் மறைத்தார். அப்புறம் இடுப்புவலி, ஒரு கால் மட்டும் வீக்கம். எலும்புத் தேய்மானம் என்று எட்டு மாதம் தைலம் தேய்த்தோம். கடைசியில் பார்த்தால் கட்டி சிறுநீர்க்குழாயை அடைத்து ஒரு கிட்னி வீங்கியிருந்தது, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய், ஸ்டேஜ் 3பி என்றார்கள். உங்கள் அம்மாவுக்கு ஆம்பளை டாக்டர் என்ற கூச்சமாக இருக்கலாம், பெண் டாக்டர் இருக்கிற நாளைக் கேட்டுக் கூட்டிப்போங்க, நீங்கள் பக்கத்திலேயே நில்லுங்க.

கோபிப்பொண்ணு:
கூச்சம்தான், நீங்கள் சொன்ன மாதிரியே. போய்விட்டு வந்தோம். பயாப்சியில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் என்று வந்தது, ஸ்குவாமஸ் செல் கார்சினோமா என்கிற வகை, ஸ்டேஜ் 2பி. ஆபரேஷன் இல்லை, கரண்ட் வைக்கணும், அதாவது கதிர்வீச்சு தரணும் என்கிறார்கள். கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் முடிந்ததே, முற்றிப்போனதால்தான் கை விடுகிறார்கள் என்று மாமா சத்தம் போடுகிறார். அம்மா, நான் என்ன தப்பு பண்ணினேன் என்று அழுகிறார்.

ஒட்டன்சத்திரம் நர்ஸ்:
கை விடவில்லை, குணப்படுத்தத்தான் கரண்ட். 2பி என்றால் கர்ப்பப்பை வாயைத் தாண்டிப் பக்கத்துத் திசுவுக்குள் போயிருக்கிறது, இடுப்பெலும்புச் சுவரைத் தொடவில்லை. அங்கே கத்தி வைத்தால் மிச்சம் தங்கிவிடும், அப்புறம் எப்படியும் கரண்ட் வைக்க வேண்டிவரும், இரண்டு வைத்தியத்தின் உபாதையும் சேர்ந்துகொள்ளும். வாரம் ஐந்து நாள் வீதம் ஏறக்குறைய ஐந்து வாரம் வெளிக்கதிர், கூடவே வாரம் ஒரு தடவை சிஸ்பிளாட்டின் என்கிற கீமோ மருந்து, அதன் பிறகு உள்ளே கருவி வைத்துத் தருகிற கதிர். உள்கதிருக்குப் பயந்து பாதியில் நின்றுவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அது மட்டும் கூடாது. மொத்தமும் எட்டு வாரத்துக்குள் முடியணும், நாள் இழுத்தால் பலன் குறையும். சிஸ்பிளாட்டினுக்கு முன்னால் கிட்னியும் இரத்த அளவும் பார்ப்பார்கள்.

அம்மா தப்பு எதுவும் பண்ணவில்லை. இந்த நோய்க்குக் காரணமான ஹெச்பிவி வைரஸ் பெரும்பாலானவர்களுக்கு வாழ்க்கையில் ஒருமுறை வந்து தானாகப் போய்விடும், சிலருக்கு மட்டும் தங்கிவிடும், தங்கினது புற்றாக மாறப் பத்துப் பதினைந்து வருஷம்கூட ஆகும். இதை அவருக்கு உட்காரவைத்துச் சொல்லுங்க.

பெருந்துறைக்காரி:
முதல்வர் காப்பீட்டு அட்டையும் ரேஷன் கார்டும் முதல் நாளே எடுத்துப்போங்க. வைத்தியம் கோவையில் என்றால் தினமும் கோபியிலிருந்து பஸ்ஸில் போய்வர அவரால் முடியாது, மூன்றாவது வாரம் வயிற்றுப்போக்கு வரும்போது பெரியம்மா ரொம்பத் தவித்தார், அதனால் ஆஸ்பத்திரி பக்கத்திலேயே ஒரு அறை பாருங்க.

கோபிப்பொண்ணு:
அறை பார்த்துவிட்டோம். திங்கட்கிழமை ஆரம்பம். மாமாவே மாட்டைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார்.