மறுமொழி: டாங்கர்டு – மதுக்குவளையா, மூடிக்குவளையா?

நண்பர்களுக்கு வணக்கம்.

> டாங்கர்டு = மதுக்குவளை; கேன் = சிறு மதுக்குவளை

பழைய அமெரிக்க வெள்ளிப் பாத்திரங்களின் ஆங்கிலப் பெயர்களுக்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் பேச்சில், டாங்கர்டு (tankard) என்ற மூடியுள்ள பெரிய குவளைக்கும் கேன் (cann) என்ற மூடியில்லாத குவளைக்கும் நேற்று வந்த இந்தப் பரிந்துரையை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் பாஸ்டன், நியூயார்க் வெள்ளிக்கொல்லர்கள் செய்த டாங்கர்டில் வீட்டார் பியரும் ஆப்பிள் சைடரும் குடித்தது உண்மைதான். ஆனால் அதே பாத்திரத்தைச் சாகும்போது தேவாலயத்துக்கு எழுதிவைப்பார்கள். அங்கே அது திருவிருந்துப் பாத்திரமாகிவிடும். பாஸ்டனின் பெயர்பெற்ற வெள்ளிக்கொல்லர் பால் ரெவியரே 1772-இல் மாசசூசெட்ஸின் ப்ரூக்ஃபீல்டில் ஒரு தேவாலயத்துக்கென்று ஆறு டாங்கர்டுகள் செய்து கொடுத்திருக்கிறார். அப்புறம் 19-ஆம் நூற்றாண்டில் மதுவிலக்கு இயக்கம் வலுத்தபோது, பழைய டாங்கர்டுகள் பலவற்றுக்கு மூக்கு வைத்துச் சாடியாக்கினார்கள். உள்ளே ஊற்றியது மாறிக்கொண்டே இருந்தது, வடிவம் அப்படியே நின்றது. அதனால் பெயரும் வடிவத்திலிருந்தே வரட்டும்.

டாங்கர்டின் அடையாளம் மூடி. மேலே போகப்போகச் சற்றே குறுகும் நேரான உடல், ஒரு கைப்பிடி, அதன் தலையில் கீல். கட்டைவிரலால் ஒரு சிறு நெம்பை அழுத்தினால் மூடி திறக்கும். குடிக்கிற கையாலேயே திறந்துகொள்ளலாம். ‘மூடிக்குவளை’ என்பது என் பரிந்துரை. மூடி என்றால் தனியே கழற்றி வைப்பது என்றுதானே நினைப்போம் என்று கேட்கலாம். சரியான கேள்வி. ‘கீல்மூடிக் குவளை’ என்றும் எழுதிப் பார்த்தேன், வாயில் நிற்கவில்லை. அந்த உறுப்புக்குக் ‘கீல்மூடி’, பாத்திரத்துக்கு மூடிக்குவளை என்று வைத்துக்கொண்டால் போதும்.

கேன் மூடியில்லாதது, வயிறு உருண்டு, சிறு பாதத்தில் நிற்கும். ஒலிபெயர்த்து ‘கேன்’ என்றே விட்டால் நம் ஆட்களுக்குத் தண்ணீர் கேன்தான் கண்ணில் வரும். ‘பிடிக்குவளை’ என்கிறேன். டாங்கர்டுக்கும் பிடி உண்டுதான், ஆனால் அதைப் பிரித்துக்காட்ட மூடி இருக்கிறதே.

பீக்கரை ‘முகவை’ என்று பள்ளிப் பாடநூல் ஏற்கெனவே வைத்திருக்கிறது, அதை மாற்ற வேண்டாம். டம்ளர்தான் சுவையானது. அக்கால வெள்ளி டம்ளருக்கு அடி உருண்டையாக, கனமாக இருக்கும். சாய்த்துவிட்டால் ஆடி ஆடி நிமிரும். அந்த ஆட்டத்திலிருந்து பிறந்த ஆங்கிலப் பெயர்தான் தட்டை அடியோடு நம் வீட்டு அடுக்களைக்கு வந்து சேர்ந்தது. பழையதை ‘ஆடுகுவளை’ என்று எழுதினால் குழப்பம் தீரும்.

இதையெல்லாம்விட எனக்கு முக்கியமாகப் படுவது முத்திரை. ‘ஹால்மார்க்’ என்ற ஒரே சொல்லை எல்லாவற்றுக்கும் போடுகிறோம். லண்டனில் வெள்ளியின் தரத்தைச் சோதித்து முத்திரையிட ஓர் அமைப்பு இருந்தது. குடியேற்றக் கால பாஸ்டனில் அப்படி எதுவும் இல்லை. 1652-இல் அங்கே நாணயச்சாலை தொடங்கிய ஜான் ஹல்லும் ராபர்ட் சாண்டர்சனும் தங்கள் பாத்திரங்களில் தத்தம் பெயரின் முதலெழுத்துகளைத்தான் குத்தினார்கள். அந்தக் கொல்லர்மேல் ஊர் வைத்திருந்த நம்பிக்கைதான் உத்தரவாதம். ஸ்பானிய நாணயங்களைக் கொண்டுவந்து உருக்கச் சொன்னவர்களுக்குப் பாத்திரம் ஒரு சேமிப்பும்கூட. நாணயம் களவுபோனால் யாருடையது என்று தெரியாது, பெயரெழுத்து செதுக்கிய குவளையை அடையாளம் காட்டலாம். ஆகவே லண்டன் முத்திரைக்குத் ‘தரமுத்திரை’, பாஸ்டன் முத்திரைக்குக் ‘கொல்லர் முத்திரை’ என்று இரண்டு சொற்கள் கட்டாயம் வேண்டும். ஒன்றாக்கினால் வரலாறே தப்பாகிவிடும்.

பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த ‘விடுதலை மைந்தர்’ (Sons of Liberty) குழுவினருக்காக ரெவியர் 1768-இல் செய்த கிண்ணத்தில் சிக்கல் இல்லை, அது கிண்ணமேதான். போரிஞ்சர்தான் (porringer) பாக்கி: ஆழமில்லாத சிறு பாத்திரம், விளிம்பையொட்டி ஓட்டை வேலைப்பாட்டுடன் தட்டையாக ஒரே ஒரு பிடி. ‘காதுக்கிண்ணம்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். பாத்திரக்கடைப் பழக்கம் உள்ளவர்கள் அந்தப் பிடியைக் காது என்பார்களா, வேறு சொல் உண்டா, சொல்லுங்கள்.