ஹவாய் எரிமலைப் பூங்கா: ஒரே நாள்தான் இருக்கிறது, லாவா இல்லாவிட்டாலும் போகலாமா?

மலர்விழி:

எல்லோருக்கும் வணக்கம். அடுத்த மாதம் ஹவாயின் பெரிய தீவுக்குப் போகிறோம். நான், கணவர், பத்து வயது மகன், என் அம்மா. அம்மாவுக்கு 68 வயது. நன்றாக நடப்பார், ஆனால் வீசிங் உண்டு, இன்ஹேலர் இல்லாமல் வெளியே கிளம்ப மாட்டார்.

தங்குவது தீவின் மேற்குக் கரையில் உள்ள கோனாவில். எரிமலைத் தேசியப் பூங்காவுக்கு ஒரு நாள்தான் ஒதுக்க முடிகிறது. மகன் அங்கே உள்ள கிலவேயா எரிமலை பீறிட்டு அடிக்கும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு, அதை நேரில் பார்க்கப் போகிறேன் என்று வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறான். நாங்கள் போகும் அன்று லாவா இல்லையென்றால் அங்கே பார்க்க என்ன இருக்கிறது? அம்மாவை அந்தப் புகைப் பக்கம் அழைத்துப் போகலாமா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

நடராசன்_கே:

நான் மூன்று முறை போயிருக்கிறேன். லாவா பீறிட்டு அடித்ததை ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. இருந்தும் நாலாவது முறை போகக் காசு சேர்த்துக்கொண்டிருக்கிறேன். அதனால் உங்கள் முதல் கேள்விக்கு என் பதில், தயங்காமல் போங்கள்.

2017-ல் போனபோது கிலவேயாவின் உச்சியில் உள்ள ஹலேமவுமவு பள்ளத்துக்குள் லாவா ஏரி இருந்தது. இரவில் அதற்கு மேலே புகை மொத்தமும் செக்கச் செவேலென்று தெரிந்தது. அடுத்த ஆண்டே அந்த ஏரி வடிந்துவிட்டது. பள்ளம் இடிந்து இடிந்து சுமார் 500 மீட்டர் ஆழத்துக்கு இறங்கியது. கீழே கிழக்குப் பக்கம் தரையில் பிளவுகள் திறந்து லாவா வழிந்து 700 வீடுகளுக்கு மேல் அழிந்தன. 2019-ல் நான் மறுபடி போனபோது தீவில் எங்குமே லாவா இல்லை. முன்பு நின்று பார்த்த இடத்தையே அடையாளம் தெரியவில்லை. ஒரு மலை இரண்டு வருடத்தில் இப்படி உருமாறும் என்பதைக் கண்ணால் பார்த்தது அன்றுதான்.

இப்போதைய எரிமலை வெடிப்பு 2024 டிசம்பர் 23-ல் தொடங்கியது. விட்டு விட்டு வருகிறது. பீறிடும்போது பல தடவை 300 மீட்டரையும் தாண்டியிருக்கிறது, ஆனால் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் அடங்கிவிடும். அப்புறம் பல நாள், சில சமயம் வாரக்கணக்கில் இடைவெளி. நான் கடைசியாகப் போனது அப்படி ஓர் இடைவெளியில்தான். அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்தின் ஹவாய் எரிமலை ஆய்வு மையம் தினமும் நிலவரம் போடுகிறது, அடுத்தது எப்போது வரலாம் என்றும் கணித்துச் சொல்கிறது. அதைப் பார்த்து உங்கள் பூங்கா நாளை முன்னே பின்னே மாற்றிக்கொள்ள இடம் வையுங்கள். மகனிடமும் இப்போதே உள்ளதைச் சொல்லிவிடுங்கள்.

லாவா இல்லாத நாளில் அவனை, பக்கத்தில் உள்ள கிலவேயா இக்கி என்ற இன்னொரு பள்ளத்துக்குள் நடக்கக் கூட்டிப் போங்கள். 1959-ல் இங்கே லாவா 580 மீட்டர் உயரம் எழும்பியது. கீழே தேங்கிய குழம்பு உள்வரை இறுகவே முப்பது வருடத்துக்கு மேல் ஆனது. இன்று அதன் மேலேயே நடக்கலாம். பெரணி மரங்கள் அடர்ந்த மழைக்காட்டுக்குள் இறங்கிக்கொண்டே இருப்போம், திடீரென்று காடு முடிந்து கருப்புத் தரை விரியும். பாளம் பாளமாக வெடித்த தரை. வழி தெரிவதற்குக் கல் அடுக்கி வைத்திருப்பார்கள், அதை விட்டு விலகக் கூடாது. மழை பெய்து ஓய்ந்த நேரம் என்றால் வெடிப்புகளிலிருந்து நீராவி வரும். அந்தக் கருப்பு வெடிப்புக்குள்ளிருந்து ஒரு ஓஹியா செடி முளைத்து, சிவப்பாகப் பூத்து நின்றதைப் பார்த்து நான் வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

மொத்தம் ஐந்து கிலோமீட்டர் சொச்சம், இரண்டு மூன்று மணி நேரம். 120 மீட்டர் இறங்கித் திரும்ப ஏற வேண்டும், அம்மாவுக்கு அது வேண்டாம். அவர் மேலே விளிம்பில் நின்று நீங்கள் எறும்பு மாதிரி போவதைப் பார்க்கலாம். பக்கத்திலேயே நஹுகு என்ற லாவா குகை இருக்கிறது. கொஞ்சம் படிகள் உண்டு, ஆனால் சின்ன நடைதான். காலை ஒன்பதுக்கு முன் போய்விடுங்கள், பிறகு வண்டி நிறுத்த இடம் கிடைக்காது.

கட்டணம் ஒரு காருக்கு 30 டாலர், ஏழு நாள் செல்லும். ரொக்கம் வாங்க மாட்டார்கள், கார்டு வேண்டும். பூங்கா 24 மணி நேரமும் திறந்திருக்கும்.

யமுனா:

தீவின் கிழக்குக் கரையில் உள்ள ஹீலோவில் இரண்டு வருடம் இருந்தேன். எனக்கும் ஆஸ்துமா, அதனால் அம்மா விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

அங்கே காற்று பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து வீசும். புகை தென்மேற்கே போய்விடும். அப்படிப்பட்ட நாளில் வால்கனோ ஹவுஸ் விடுதிப் பக்கத்து விளிம்பில் நான் சிரமமில்லாமல் நின்றிருக்கிறேன். காற்று தெற்கிலிருந்து திரும்பினால் கதையே வேறு. பூங்காவின் இணையப் பக்கத்தில் காற்றின் தரத்தைப் போடுவார்கள், கிளம்பும் முன் பாருங்கள். தீக்குச்சி உரசிய மாதிரி நெடி வந்தால் அது கந்தக டை ஆக்சைடு. கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம் என்று நிற்காதீர்கள், கண்ணாடியை ஏற்றிவிட்டு வண்டியை எடுங்கள். சல்ஃபர் பேங்க்ஸ் என்று தரையிலிருந்து கந்தக வாயு வரும் இடம் ஒன்று இருக்கிறது, அதை அம்மா தவிர்க்கட்டும், மூச்சுக் கோளாறு உள்ளவர்கள் வர வேண்டாம் என்றே அறிவுறுத்துகிறார்கள். முதலில் அவருடைய மருத்துவரிடமும் கேட்டுவிடுங்கள்.

கோனாவிலிருந்து 150 கிலோமீட்டருக்கு மேல். போக மட்டும் இரண்டு, இரண்டரை மணி நேரம். முடிந்தால் ஓரிரவு வால்கனோ கிராமத்திலோ ஹீலோவிலோ தங்குங்கள். உச்சி 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடற்கரை உடையோடு வந்து குளிரில் நடுங்குபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஸ்வெட்டரும் மழைக்கோட்டும் கட்டாயம்.

மலர்விழி:

இருவருக்கும் மிக்க நன்றி. ஹீலோவில் ஓரிரவு போட்டுவிட்டோம். மகனிடம் சொன்னேன், முகம் வாடிவிட்டது. பள்ளத்துக்குள் நடக்கலாம் என்றதும் சரி என்றான். அங்கிருந்து ஒரு சின்ன லாவாக் கல் எடுத்து வரலாமா என்று கேட்கிறான். இன்னொன்று, மதியத்துக்கு மேல் அம்மாவும் சேர்ந்து பார்க்கிற மாதிரி ஏதாவது உண்டா?

நடராசன்_கே:

கல் வேண்டாம் அம்மா. தேசியப் பூங்காவிலிருந்து எதையும் எடுப்பது சட்டப்படி குற்றம். அதைவிட, ஹவாய் மக்களுக்கு அந்த எரிமலை பெலே தெய்வம் குடியிருக்கும் இடம். கோயிலுக்குள் நடப்பது போல நடந்து வரச் சொல்லுங்கள், பத்து வயதுப் பிள்ளைக்கு அது புரியும். தரையில் பொன்னிற முடி மாதிரி கிடந்தால் தொட வேண்டாம். பெலேயின் கூந்தல் என்பார்கள், உண்மையில் அது கண்ணாடி இழை, குத்திவிடும்.

மதியம் செயின் ஆஃப் கிரேட்டர்ஸ் சாலையில் கடல் வரை இறங்குங்கள். முப்பது கிலோமீட்டர், வழியெல்லாம் பழைய லாவா வழிந்தோடிய தடம். அம்மா காரில் இருந்தபடியே பார்க்கலாம். கடைசியில் கடலுக்குள் லாவாப் பாறையில் ஒரு வளைவு நிற்கும். தண்ணீர், சாப்பாடு, பெட்ரோல் எதுவும் கீழே கிடைக்காது, எல்லாம் மேலேயே பார்த்துக்கொள்ளுங்கள். நேனே வாத்துகள் சாலையைக் கடக்கும், மெதுவாக ஓட்டுங்கள்.

இறங்கும் வழியில் புவு லோவா வரும். போக வர இரண்டு கிலோமீட்டர் சொச்சம், வெயில் தாழ்ந்த பிறகு அம்மாவால் முடிந்தால் கூட்டிப் போங்கள். பாறையில் 23,000-க்கு மேல் செதுக்கல்கள். அவற்றில் நிறைய வெறும் சின்னச் சின்னக் குழிகள்தான். பிள்ளை நீண்ட காலம் வாழ வேண்டும் என்று தொப்புள்கொடியை அந்தக் குழிகளில் வைத்துவிட்டுப் போவார்களாம். உங்கள் அம்மாவிடம் அதைச் சொல்லிக் காட்டுங்கள்.