பேஜ் ஃபால்ட்டுக்குப் ‘பக்க இடறல்’: ஒரு முன்மொழிவு

அனைவருக்கும் வணக்கம்.

இயங்குதளக் கலைச்சொற்களில் ‘ஃபால்ட்’ என்பதற்குப் பிழை, பழுது, தவறு ஆகிய மூன்றும் மாறிமாறி வழங்குகின்றன. இம்மூன்றையும் விடுத்து ‘இடறல்’ என்ற சொல்லை ஏற்கலாம் என்று முன்மொழிகிறேன். அதன்படி, நிரல் தொட முனையும் நினைவகப் பக்கம் அந்நேரம் கிடைக்காதபோதோ, அச்செயலுக்கு அனுமதி இல்லாதபோதோ சிபியு எழுப்பும் பேஜ் ஃபால்ட் ‘பக்க இடறல்’ ஆகும். புரொடெக்‌ஷன் ஃபால்ட் ‘காப்பு இடறல்’ ஆகும். சிக்னல் ஹேண்ட்லர் (குறிகை வந்ததும் ஓடும் நிரல்பகுதி, ‘குறிகை கையாளி’) ஓடும்போது இயங்குதளத்தின் மையமான கெர்னல் நினைவகக் காப்பை எவ்வாறு நடத்துகிறது என்பதைத் தமிழில் விளக்க முற்படும்போது பழைய சொற்கள் எங்கே கைவிடுகின்றன என்பது தெளிவாகத் தெரிவதால், காரணங்களை அந்த வழியிலேயே வைக்கிறேன்.

இன்டெலின் சிபியு கட்டமைப்பு, கட்டளைகள் இயங்கும்போது எழும் விதிவிலக்குகளை (எக்ஸெப்ஷன்) ஃபால்ட், டிராப், அபார்ட் என மூன்றாகப் பிரிக்கிறது. ஃபால்ட் நிகழும்போது சேமிக்கப்படும் கட்டளை முகவரி, நிகழ்வுக்குக் காரணமான கட்டளையையே சுட்டும். தடை நீங்கியதும் அதே கட்டளை மீண்டும் இயங்கும், நிரலின் ஓட்டத்தில் எதுவும் இழக்கப்படாது. டிராப் அடுத்த கட்டளையைச் சுட்டும். அபார்ட்டுக்குப் பின் நிரல் தொடர்வது நிச்சயமில்லை. ஆக, ஃபால்ட் என்பதன் இலக்கணமே ‘சரிசெய்துவிட்டு அதே அடியை மறுபடி எடுத்து வைக்கலாம்’ என்பதுதான். பழுது என்றால் ஏதோ ஒன்று கெட்டுவிட்டது என்றும், பிழை என்றால் யாரோ தவறாக எழுதிவிட்டார்கள் என்றும் படிப்பவர் கொள்வார். ‘கால் இடறியது’ என்று நாம் சொல்லும்போது இவ்விரண்டும் வருவதில்லை. இடறியவர் விழவும் செய்யலாம், சமாளித்துக்கொண்டு நடக்கவும் செய்யலாம்.

லினக்ஸில் ஒரு செயல்முறை (ஓடும் நிரல்) ஃபோர்க் செய்து தன் படியை உருவாக்கும்போது, தாயும் சேயும் தனித்தனியே எழுதக்கூடிய பக்கங்களைக் கெர்னல் இருவருக்கும் பொதுவாக்கி, ‘படிக்க மட்டும்’ என்று குறித்து வைக்கிறது. பிறகு யாரேனும் எழுத முனைந்தால் 14-ஆம் எண் விதிவிலக்கு, அதாவது பேஜ் ஃபால்ட், எழுகிறது. கெர்னல் பக்கத்தைப் படியெடுத்துக் கொடுத்து, அதே கட்டளைக்குத் திரும்புகிறது. செயல்முறைக்கு இது நடந்ததே தெரியாது. இதைப் ‘பக்கப் பிழை’ என்று எழுதிவிட்டு, அடுத்த வரியில் ‘இது பிழையன்று’ என்று விளக்கும் பாடக்குறிப்புகள் நம்மிடம் போதுமான அளவு இருக்கின்றன.

கெர்னலால் தானே தீர்க்க முடியாத இடறல்தான் பயனர் நிரலை எட்டுகிறது. முகவரி எந்த நினைவகப் பகுதியிலும் அடங்கவில்லை என்றாலோ, அடங்கியும் அந்தச் செயலுக்கு அனுமதி இல்லை என்றாலோ, கெர்னல் சிக்செக்வி (SIGSEGV) என்னும் குறிகையை அனுப்புகிறது. இங்கேயும் பிழை என்ற சொல் பொருந்துவதில்லை. பயன்படாத நினைவகத்தை மீட்கும் குப்பை சேகரிப்பான் ஒன்றை எடுத்துக்கொள்வோம். எந்தப் பக்கங்கள் மாறின என்று அறிய அது, பக்க அனுமதியை மாற்றும் எம்புரொடெக்ட் அழைப்பால் பக்கங்களை வேண்டுமென்றே ‘படிக்க மட்டும்’ ஆக்குகிறது. நிரல் அவற்றில் ஒன்றில் எழுதப்போய் இடறுகிறது; குறிகை கையாளி இடறிய முகவரியைப் பெற்று, அந்தப் பக்கத்தை ‘மாறியது’ என்று குறித்துக்கொண்டு, எழுதும் அனுமதியைத் திருப்பிக் கொடுத்துத் திரும்புகிறது; சேமித்து வைத்த பதிவகங்கள் (சிபியுவின் உள் சேமிப்பிடங்கள்) மீட்கப்பட்டு அதே எழுத்துக் கட்டளை மறுபடி இயங்குகிறது. எல்லாம் திட்டமிட்டபடியே நடந்திருக்கிறது. ஜாவாவின் ஹாட்ஸ்பாட் இயந்திரமும் வெற்றுச் சுட்டியை (எந்தப் பொருளையும் சுட்டாத சுட்டி) சோதிக்கும் வேலையின் ஒரு பகுதியை இந்தக் குறிகையிடமே விட்டுவிடுகிறது. (‘குறிகை கையாளி’ என்பதில் ஒற்று மிகவில்லை, ‘கதைசொல்லி’ போல இதுவும் இரண்டாம் வேற்றுமைத் தொகை.)

கையாளி இல்லாத செயல்முறை இடறினால் லினக்ஸ் பதிவேட்டில் ‘செக்ஃபால்ட்’ என்று தொடங்கும் ஒரு வரி விழும். அதில் ‘எரர் 7’ என்பது போன்ற ஓர் எண் இருக்கும். அதன் முதல் பிட் பக்கம் இருந்தது என்பதையும், இரண்டாவது பிட் முயன்றது எழுதுவதற்கு என்பதையும், மூன்றாவது பிட் முயன்றது பயனர் நிலையில் என்பதையும் குறிக்கும். மூன்று பிட்டுகளும் 1 என்றால் 7. எனவே இந்த எண்ணுக்கு ‘இடறல் குறியெண்’ என்பதே சரியான பெயர். கையாளி நிறுவப்பட்டிருந்தால் கெர்னல் இந்த வரியை எழுதுவதே இல்லை என்பதையும் கவனியுங்கள்.

அடுத்து, ‘காப்பு’ என்ற சொல். புரொடெக்‌ஷன், செக்யூரிட்டி இரண்டையும் ‘பாதுகாப்பு’ என்று எழுதுவதால் வரும் குழப்பம் கையாளியைப் பற்றிப் பேசும்போது பெருகுகிறது. கையாளி கெர்னலுக்குள் ஓடுவதில்லை. அதே செயல்முறையின் பயனர் நிலையில், அதே பக்க அட்டவணைகளோடு ஓடுகிறது. நினைவகக் காப்பு அதற்காகப் பொதுவாகத் தளர்த்தப்படுவதில்லை. கையாளிக்குள் நுழையுமுன் கெர்னல் பதிவகங்களைப் பயனர் அடுக்கில் (ஸ்டாக்) எழுதி வைக்கிறது. அந்த அடுக்கே நிரம்பி, அதன் எல்லையிலுள்ள அனுமதியற்ற காவல் பக்கத்தைத் தொட்டதால் எழுந்த குறிகை என்றால், எழுதுவதற்கு இடமில்லை. சிக்ஆல்ட்ஸ்டாக் அழைப்பு மூலம் மாற்று அடுக்கு ஒன்றை முன்கூட்டியே கொடுத்திருந்தால் ஒழிய செயல்முறை முடித்து வைக்கப்படும். கையாளி ஓடும்போது அதே குறிகை இயல்பாகத் தடுக்கப்பட்டிருக்கும். அந்நேரம் கையாளியே இடறினாலும் இதே முடிவுதான். கையாளிக்குள் எம்புரொடெக்ட் அழைப்பது லினக்ஸில் நடைமுறையில் வேலை செய்தாலும், கையாளிக்குள் அஞ்சாமல் அழைக்கத்தக்கவை என்று போசிக்ஸ் செந்தரம் தரும் பட்டியலில் அது இல்லை.

காப்பின் அளவு மாறும் இடம் ஒன்று உண்டு. எக்ஸ்86 சிபியுக்கள் சிலவற்றில் உள்ள, பக்கங்களுக்குச் சாவியெண் இட்டு அனுமதியைக் கட்டுப்படுத்தும் புரொடெக்‌ஷன் கீ வசதியை நான் ‘காப்புச் சாவி’ என்கிறேன். பதினாறு சாவிகளுக்கு இரண்டிரண்டு பிட்டுகளாக 32 பிட் பதிவகம் ஒன்றில் அனுமதிகள் இருக்கும். கையாளி தொடங்கும்போது லினக்ஸ் இந்த அனுமதிகளை இயல்புநிலைக்கு மாற்றிவிட்டு, கையாளி திரும்பும்போது பழையவற்றை மீட்கிறது. கையாளி செய்த மாற்றங்கள் அத்தோடு போய்விடும். ‘காப்பு மாறுகிறது, பாதுகாப்பு குறையவில்லை’ என்று இதைச் சொல்ல இரண்டு சொற்களும் தனித்தனியே வேண்டும்.

‘இடறல்’ மீது வரக்கூடிய மறுப்புகளில் வலுவானது, ‘இடர்’ என்பதோடு மயங்கும் என்பது. ஒலி நெருக்கம் உண்மைதான். ஆனால் இடர் பெயர்ச்சொல்லாக மட்டுமே இன்று புழங்குகிறது. இடறு என்ற வினையோ இடறியது, இடறிய கட்டளை, இடறிய முகவரி என்று வேண்டிய வடிவமெல்லாம் தருகிறது. ‘பிழைத்த முகவரி’ என்று எழுதிப் பாருங்கள்; உயிர் தப்பிய முகவரி என்றே பொருள்படும்.

செக்மென்டேஷன் ஃபால்ட்டைத் ‘துண்டாக்கப் பிழை’ என்பதையும் கைவிடலாம். இன்றைய கணினிகளில் இந்த நிகழ்வுக்கு அடிப்படை பெரும்பாலும் பக்கங்கள்தாம், துண்டங்கள் அல்ல. குறிகையின் பெயரிலேயே மீறல் என்ற பொருள் இருப்பதால் அதை ‘அணுகல் மீறல் குறிகை’ என்போம். இடறல் சிபியுவில் நிகழ்வது. மீறல் என்பது கெர்னல் அதன்மேல் எடுக்கும் முடிவு. செயல்முறை முடிவது அந்தக் குறிகைக்கு இயல்பாக வகுக்கப்பட்ட விளைவு. மூன்றும் வெவ்வேறு கட்டங்கள், மூன்றுக்கும் வெவ்வேறு சொற்கள்.

ஓரிடத்தில் மட்டும் என் முன்மொழிவு முழுமையாகப் பொருந்தவில்லை. ஒரு விதிவிலக்கைக் கையாள முற்படும்போது இன்னொன்று எழுவதால் வரும் டபுள் ஃபால்ட், பெயரில் ஃபால்ட்டாக இருந்தாலும் இன்டெலின் வகைப்பாட்டில் அபார்ட். பெயரைப் பின்பற்றி ‘இரட்டை இடறல்’ என்பதா, வகையைப் பின்பற்றி அபார்ட்டுக்கு ‘முறிவு’ என வைத்து ‘இடறல் முறிவு’ என்பதா? எனக்குப் பின்னதே சரியாகப் படுகிறது. கெர்னல் நிரல்களோடு பழகியவர்களின் கருத்தை இதில் எதிர்பார்க்கிறேன்.